சார்ட் பேட்டர்ன்: முடியும் முன்பே பெயர் வைத்துவிடாதீர்கள்

சார்ட் பார்க்கப் பழகிய புதிதில் எந்தப் பங்கைத் திறந்தாலும் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்தான் கண்ணில் படும்: நடுவில் உயரமான தலை, இருபுறமும் தாழ்ந்த தோள்கள் என மூன்று உச்சிகள், ஏற்றம் முடிந்து இறங்கப்போவதற்கான அறிகுறி என்பார்கள். இடது தோள் இருக்கிறது, தலை இருக்கிறது, வலது தோள் பாதி வந்துவிட்டது. விலை இறங்கும் என்று நம்பி முதலில் விற்று, பிறகு வாங்கும் ஷார்ட் போக உடனே கை துடிக்கும். பணம் அதிகம் கரைவது இந்த அவசரத்தில்தான்.

ஒரு பங்கு ஏறிக்கொண்டே வந்து 110-ஐத் தொட்டு 100-க்கு இறங்குகிறது. அடுத்து 120 வரை போய் மறுபடி 100. மூன்றாவது முறை 110-இல் திரும்பி, இப்போது 104-இல் நிற்கிறது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் இன்னும் எதுவும் உருவாகவில்லை. இரண்டு இறக்கமும் நின்ற 100-தான் நெக்லைன். தினசரி கேண்டில், அதாவது ஒரு நாளின் விலையைக் காட்டும் கட்டை, அதற்குக் கீழே முடிய வேண்டும். பகலில் 98-ஐத் தொட்டுவிட்டு 101-இல் முடிந்தால் அது கணக்கில் சேராது.

சரி, நெக்லைன் உடைந்துவிட்டது. தலைக்கும் நெக்லைனுக்கும் இடையே உள்ள 20 புள்ளியை 100-இலிருந்து கழித்தால் இலக்கு 80. இது மதிப்பீடுதான், வந்தே தீரும் என்றில்லை. உடைந்த விலை மீண்டும் 100 வரை எட்டிப் பார்ப்பதும் சகஜம். அதனால் ஸ்டாப் லாஸை, அதாவது கணிப்பு தவறினால் நஷ்டத்தோடு வெளியேறும் விலையை, 101-இல் ஒட்டி வைக்காதீர்கள். வலது தோளுக்குச் சற்று மேலே வையுங்கள். நஷ்டம் பெரிதாகத் தெரிந்தால் பங்கின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இந்த வடிவத்துக்கு முன்னால் ஏற்றம் இருந்ததா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் அலையும் பங்கில் திருப்பிவிட ட்ரெண்டே இல்லை. விலை ஒரு தடையை உடைத்து மேலே போகும் பிரேக்அவுட் என்றால், கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையான வால்யூம் கூட வேண்டும். போனஸ் (இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) ஆகியவற்றுக்குத் திருத்தாத சார்ட்டில் தெரியும் பெரிய சரிவு சரிவே இல்லை: ஒரு பங்குக்கு இன்னொன்று தரும் 1:1 போனஸில் விலை பாதியாகும், அவ்வளவுதான். தினசரி சார்ட்டை நம்பி வாங்கிவிட்டு, நஷ்டம் வந்ததும் வாராந்திர சார்ட்டில் ஆறுதல் தேடுவது இன்னொரு பழக்கம். அதை அடியோடு விடுங்கள்.

1959-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ், தற்செயல் எண்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடு வரைந்து காட்டினார். அதிலும் தலையும் தோள்களும் தெரிந்தன! நம் கண் அப்படிப்பட்டது.

அதற்கு நான் நம்பும் பயிற்சி ஒன்றுதான். பழைய சார்ட்டின் வலது பாதியை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்துங்கள். பேட்டர்ன் என்று தோன்றும் இடத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள். பலிக்காதவற்றையும் அழிக்காமல் எண்ணுங்கள்.