மதியம் ஒன்றரைக்கும் மாலை நாலரைக்கும் நடுவில்

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கில். என் மகளுக்கு வயது 14. 800 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் ஒரு போட்டியில் பத்தரைக்கு நடக்க வேண்டிய ஓட்டம் தள்ளித் தள்ளிப் போய், பன்னிரண்டேகாலுக்குத்தான் தொடங்கியது. கடைசி 150 மீட்டர் வரைக்கும் மூன்றாவதாக வந்தவள், அங்கே கால் ஓய்ந்து ஏழாவதாக முடித்தாள். புல்லில் உட்கார்ந்தவளின் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கோச் கேட்டார். ஆறு மணிக்கு ஒரு கப் மைலோ, அவ்வளவுதான். பையில் தண்ணீர் போத்தல் மூடிகூடத் திறக்காமல் கிடந்தது.

ஓடுகிற பிள்ளைகளின் சாப்பாட்டையும் தண்ணீரையும் பற்றி அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை, பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பள்ளியில் ஓய்வு நேரம். ஒன்றரைக்குப் பள்ளி முடிகிறது. நாலரைக்குப் பயிற்சி, ஆறரைக்கு முடிந்து எட்டு மணிக்கு டியூஷன். நடுவில் ஒரு பாக்கெட் கெரோப்போக்கோடு (பொரித்த மீன் அப்பளம்) ஓடுகிற பிள்ளைகள் நிறைய. வளர்கிற வயதில் வளர்ச்சிக்கும் சாப்பாடு வேண்டும், ஓட்டத்துக்கும் வேண்டும். குறைந்தால் இரண்டும் அடிபடும்.

மதியச் சாப்பாட்டை முடிந்தவரை இரண்டு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். சோறு, மீன் அல்லது பருப்பு, ஒரு காய் போதும். பொரித்ததும் தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றியதும் பயிற்சி நாளில் வேண்டாம். கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், ஓடும்போது வயிற்றைப் பிடிக்கும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) ஆசை இருந்தால் ஓய்வு நாளில் தாராளமாகச் சாப்பிடட்டும். அப்புறம் பயிற்சிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னால் சின்னதாக ஏதாவது: இரண்டு பிசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்), இல்லை காயா (தேங்காய்ப்பால் முட்டை ஜாம்) தடவிய ரொட்டி.

செவ்வாயும் வியாழனும் எங்களுக்குப் பயிற்சி கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில். தீவில் பத்து மாவுங் என்ற இடத்தில் பினாங்கின் இரண்டாவது பாலம் ஏறினால் 24 கிலோமீட்டர். அவளுடைய மாலைச் சாப்பாடு அந்தப் பாலத்தில்தான். கரண்டி தேவைப்படாதபடி தயிர்ச்சோற்றை உருண்டை பிடித்து டப்பாவில் வைப்பேன். "பசிக்கல மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வண்டி கிளம்புவதற்கு முன்பே டப்பாவைத் திறந்து மடியில் வைத்துவிடுவேன், வேறெதுவும் சொல்லமாட்டேன். பாலம் இறங்குவதற்குள் இரண்டு உருண்டை போயிருக்கும். வெயிலில் வந்த பிள்ளைக்குப் பசி சரியாகத் தெரியாது. அது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தாகமும் அப்படித்தான். பினாங்கில் காற்றே ஈரம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. எவ்வளவு இழக்கிறாள் என்று பார்க்க, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை போட்டேன். போகும்போது 46 கிலோ. வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஏறியபோது 45.1. நடுவில் குடித்தது 400 மில்லி. ஆக, இரண்டு மணி நேரத்தில் 1.3 லிட்டர் வியர்வை. குறைந்த 900 கிராம் அவள் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே ஓட்டமும் கவனமும் தளர ஆரம்பிக்கும். இரண்டு மூன்று தடவை அளந்தால் போதும். பெண் பிள்ளையாக இருந்தால், பார்ப்பது தண்ணீர்க் கணக்கு மட்டும்தான் என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

இப்போது அவள் போத்தலில் நான்கு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறேன், 200 மில்லிக்கு ஒன்று. இருபது நிமிடத்துக்கு ஒரு பேண்ட் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், கூடவே உப்பு சேர்ந்த சாப்பாடும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராக ஒரே மூச்சில் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அது ஆபத்து. சிறுநீர் எலுமிச்சை ஜூஸ் நிறத்தில் இருந்தால் சரி. தே ஓ (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) நாலைந்து பிழிந்து கொடுங்கள். கடையில் விற்கும் 100 பிளஸ் பானமும் கிட்டத்தட்ட அதே வேலைதான் செய்யும், காஸ் இல்லாதது ஓடும் வயிற்றுக்கு இதம். காபீன் போட்ட எனர்ஜி டிரிங்க் டின்கள் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைத் திடலிலேயே பார்த்திருக்கிறேன், மனது பதறுகிறது.

பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும், டியூஷனுக்கு முன் சோறு. தைப்பூச விரதத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வரை எங்கள் வீட்டில் சைவம். அப்போது முட்டைக்குப் பதில் தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்: ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால் "பயிற்சி அதிகம், அதனால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாகவும் இருக்கலாம். எலும்பையும் பாதிக்கும். டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

போட்டி நாளில் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் இட்டிலியும் கொஞ்சம் சாம்பாரும், ஒரு மணி நேரம் முன் பழம். ஓட்டம் தள்ளிப்போனால் மணிக்கு ஒரு தடவை அரை ரொட்டியும் சில மடக்குத் தண்ணீரும். அதற்கென்று தனி டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். முந்தின நாள் இரவே எடுத்து வையுங்கள், காலை ஐந்தரைக்கு யாருக்கும் நினைவு வராது.