அட்மின் கன்சோலில் ‘நீக்கு’ வெறும் லிங்க்காக இருக்கக் கூடாது

புதிதாக வேலைக்கு வருபவர்கள் எழுதும் அட்மின் கன்சோல்களை அடிக்கடி பார்க்கிறேன். லாகின் பக்கம் பலமாக இருக்கும், அப்புறம் உள்ளே போனால் ஒவ்வொரு பயனர் பெயருக்குப் பக்கத்திலும் ‘நீக்கு’ என்று ஒரு லிங்க். ஆரம்பத்தில் நானும் அச்சு அசலாக இதையேதான் எழுதினேன். கீழே தலைப்பாக இருப்பவை எல்லாம் இப்படி நடக்கும் தவறுகள்.

கெட் ரிக்வெஸ்டில் எதையாவது மாற்றுவது

லிங்க்கை அழுத்தினாலோ படத்தைக் காட்டினாலோ பிரவுசர் அனுப்புவது கெட் ரிக்வெஸ்ட். ஒரு தளத்துக்கு ரிக்வெஸ்ட் போனால் பிரவுசர் அந்தத் தளத்தின் குக்கியையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதைக் காட்டும் சிறு தகவல்) தானாகவே சேர்த்து அனுப்பும். அழுத்தியது நீங்களா, ஏதோ பக்கத்தில் ஒளிந்திருக்கும் இமேஜ் டேகா என்று சர்வருக்குத் தெரியாது. சிஎஸ்ஆர்எஃப், அதாவது உங்கள் பிரவுசரை வைத்தே உங்கள் பெயரில் போலி ரிக்வெஸ்ட் அனுப்பும் தாக்குதலின் அடிப்படையே இதுதான்.

என் கன்சோலில் புகார்களைப் படிக்கும் பக்கமும் இருந்தது. சோதித்துப் பார்த்த சக ஊழியர் ஒரு புகாருக்குள் படம் செருகி, படத்தின் முகவரியாக 42-ஆம் பயனரை நீக்கும் லிங்க்கைக் கொடுத்துவிட்டார். புகாரைத் திறந்தேன், உடைந்த படத்தின் சின்னம் மட்டும் தெரிந்தது. பட்டியலுக்குப் போனால் 42 இல்லை. நான் எதையும் அழுத்தவே இல்லை, ஆனால் யார் என்ன செய்தார் என்று பதியும் லாகில் நீக்கியவர் என்று என் பெயர்தான் இருந்தது.

இதைச் சொன்னால், ஃபார்ம் நம்முடையதுதான் என்று காட்ட சர்வர் அதில் வைக்கும் ரகசியக் குறியீட்டை நினைத்து, “டோக்கன் போட்டிருக்கோமே” என்பார்கள். இந்தப் பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட் என்றால் படிப்பதற்கு மட்டும் என்று நம்பி, ஜாங்கோ போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் அதில் டோக்கனைச் சரிபார்ப்பதே இல்லை. ஃபார்மில் டோக்கன் வைத்துவிட்டு, அதே முகவரி கெட்டுக்கும் வேலை செய்யும்படி விட்டால் அந்த டோக்கனால் பயனில்லை. குரோம் 2020-இல், 80-ஆம் பதிப்பிலிருந்து, சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டோடு குக்கி போகலாமா என்று சொல்லும் அமைப்பு) குறிப்பிடாத குக்கிகளை ‘லாக்ஸ்’ என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது வேறு தளத்தில் உள்ள படம் போன்றவை கேட்டால் குக்கியை அனுப்பாது, சரி. ஆனால் வேறு தளத்திலிருந்து லிங்க்கை அழுத்தி வந்தால் லாக்ஸ் குக்கி கூடவே வரும். என் கதையில் படம் அதே தளத்துக்குள் இருந்ததால் சேம்சைட் எந்த வகையிலும் உதவியிருக்காது.

நீக்குவதை போஸ்ட் (எதையாவது மாற்றுவதற்கான ரிக்வெஸ்ட்) ஃபார்மாக மாற்றி டோக்கனைச் சரிபாருங்கள். கெட்டில் வந்தால் 405 (இந்த முறைக்கு அனுமதியில்லை) கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

டோக்கன் வந்தால் மட்டும் சரிபார்ப்பது

வராவிட்டாலும் மறுக்க வேண்டும்.

“உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது”

அட்மினின் பிரவுசரும் அங்கேதான் இருக்கிறது. தாக்குபவர் உள்ளே வர வேண்டியதே இல்லை, அட்மின் வெளியே ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்.

கார்ஸை நம்புவது

கார்ஸ் என்பது ஒரு தளத்தின் பதிலை வேறு தளம் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி. அனுமதி இல்லாவிட்டால் அது வேறு தளம் பதிலைப் படிப்பதைத்தான் தடுக்கும். சாதாரண ஃபார்ம் போஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, வேலையும் நடந்து முடிந்திருக்கும்.

பழைய பாஸ்வேர்டைக் கேட்காமல் புதியதை வைக்கவிடுவது

கேளுங்கள். ரிக்வெஸ்டைப் போலியாக அனுப்புபவருக்கு அது தெரியாது.