கழியைக் கடைசியில் கடக்காதீர்கள்

சென்ற மாசியில் மணப்பாட்டுக் குன்றின் அடியில் ஆறு கல்லூரி மாணவர்களைப் பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவர்கள். கைபேசியில் ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். குன்றில் தொடங்கி, வெளிக்கடற்கரை வழியாக மணல்திட்டின் முனைவரை நடந்து, அங்கே கழியின் வாயை, அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தை, நடந்தே கடந்து ஊர்ப்பக்கம் ஏறிவிடுவது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் காகிதத்தில் வரைந்த வட்டமும் இதுதான், திசைகூட மாறவில்லை. அவர்களை அங்கேயே நிறுத்திப் பேசினேன். பேசியதை இங்கே எழுதுகிறேன்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர். எங்களுக்கு இன்றும் நெல்லைச் சீமைதான். குன்றின் மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம், கடலைப் பார்த்த சரிவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, கருமேனியாறு கடலைச் சேரும் கழி, அதன் ஓரத்தில் நாட்டுப்படகுகள். ஏற்றம் இல்லாத, நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடியும் சுற்று. வயதானவர்களையும் அழைத்துப் போகலாம். அதனால்தான் இதைத் தவறாகத் திட்டமிடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

தொப்பி, தண்ணீர்ப் புட்டி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கழியைக் கடைசியில் கடப்பது

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அன்று நான் என் தாய்மாமாவையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போயிருந்தேன். காலை வெயிலில் ஆலயம் அழகாக இருக்கும் என்பதற்காகக் குன்றில் தொடங்கினோம். வற்றம், அதாவது கடல் நீர் மிகவும் இறங்கி நிற்கும் நேரம், காலை 7.40-க்கு என்று பார்த்து வைத்திருந்தேன். பார்த்ததோடு சரி, அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. குகை, கிளிஞ்சல், படம் எடுத்தல் எல்லாம் முடிந்து கழியின் வாய்க்கு வந்தபோது மணி பத்தரை. முழங்கால் அளவு என்று நான் கணக்குப் போட்டிருந்த தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. ஒன்பது வயது இளையவனுக்கு மார்பளவு. அக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: "தம்பி, தண்ணீர் திரும்பிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள்!"

பின்னால் என்றால் வந்த வழி முழுவதும். மாமாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையும் சாப்பாடும் ஊருக்குள் நிறுத்திய வண்டியில் இருந்தன. நண்பகல் மணலில் அவர் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முறை அவருடைய கை சில்லிட்டிருந்ததை நான் மறக்கவில்லை. குன்றடியில் ஒரு வீட்டில் சர்க்கரை போட்ட கடுங்காப்பி கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அவரால் பேச முடிந்தது.

ஓதத்தை, அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவதை, நம் பக்கத்தில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. காம்பத் வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தட்டையான மணலில் அரை மீட்டர் ஏறினாலே, நடந்து கடந்த இடம் நடக்க முடியாத இடமாகிவிடும். ஏற்றம் ஒரே சீராகவும் வருவதில்லை. மொத்தம் 60 செ.மீ. ஏறுகிறது என்று வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 5 செ.மீ., இரண்டாவதில் 10, மூன்றாவதிலும் நான்காவதிலும் 15 வீதம் ஏறும். பிறகு அதே போலக் குறையும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கழியின் வாய் குறுகல். வெளியே கடல் வற்றி முடிந்து ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே தேங்கிய தண்ணீர் சிறிது நேரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். "இன்னும் கடலுக்குள்தானே ஓடுகிறது, நேரம் இருக்கிறது" என்று அந்த மாணவர்களில் ஒருவர் சொன்னார். நானும் அன்று அதையேதான் சொன்னேன். ஓடும் திசையைப் பார்க்காதீர்கள். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். விளிம்பு குச்சியை விட்டு விலகினால் இறங்கலாம். குச்சியைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டால் திரும்பிவிடுங்கள்.

ஆகவே ஊர்ப்பக்கத்தில் தொடங்குங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கழியின் வாயில் நில்லுங்கள். ஆழமாக இருந்தால் காத்திருக்கலாம், தண்ணீர் இன்னும் குறையும். கடக்க முடியாமல் போனாலும் பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது. மணல்திட்டு, வெளிக்கடற்கரை, குகை, ஆலயம் எல்லாவற்றையும் அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். குன்றிலிருந்து ஊருக்கு இறங்கும் வழியை எந்த ஓதமும் மறிக்காது. காலை வெயிலில் ஆலயத்தைப் பார்க்க ஆசை இருந்தால் முதல் நாளே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரத்து நேரம்

ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு வற்றம் என்றால், இந்த ஞாயிறு அதே எட்டு மணிக்குக் கடல் ஏறி நிற்கும். நண்பர் சொன்ன நேரம் நண்பர் போன நாளுக்கு மட்டுமே. அன்றைய அட்டவணையைப் பாருங்கள். கடல் நிலை பற்றி அறிவிக்கும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் எழுந்து இங்கே திடீரெனக் கரையேறும் பேரலை, பற்றிய எச்சரிக்கை இருந்தால் அன்று போகவே கூடாது. காற்றில்லாத, வெயில் அடிக்கும் நாளிலும் அது வரும்.

"கடல் உள்வாங்கிவிட்டது"

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியதாகச் செய்தி வரும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும், ஆட்கள் அதன் மேல் ஏறி நிற்பார்கள். அந்த நாட்களில் வற்றம் அதிகம் என்பதால் ஏற்றமும் அதே அளவுக்கு அதிகம், வேகமும் கூடுதல். கழியைக் கடக்க நல்ல நாள்தான். தாமதிப்பதற்கு நல்ல நாள் அல்ல.

எல்லாக் கழியும் வட்டமாகாது

புன்னைக்காயல் தாமிரபரணியின் முகத்துவாரம். வரைபடத்தில் அக்கரை கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். கால்நடையாகக் கடக்க முடியாது. சுற்றிவர வேண்டுமானால் முக்காணிப் பாலம்வரை போக வேண்டும். அதை எளிய நடை என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

செருப்பு

உடைமரத்து முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.

"யாராவது வள்ளத்தில் ஏற்றிக்கொள்வார்கள்"

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரார் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை நேரத்தில் கரையில் ஆளே இருக்க மாட்டார்கள். மற்ற நாட்களிலும் அவர்கள் தொழிலுக்கு வந்தவர்கள். கேட்க வேண்டியது வள்ளத்தை அல்ல, அவர்களுக்குத் தெரிந்ததை. வலை பிரிக்கும் பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, இன்று நீவாடு எப்படி? எந்த இடத்தில் இறங்கலாம்?" என்று கேளுங்கள். நீவாடு என்றால் நீரோட்டம். காய வைத்த வலையை மிதிக்காமல் சுற்றிப் போய்க் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை

மழைத் தண்ணீர் வரும் கழியில் இறங்காதீர்கள்.

பழைய படம்

மணல்திட்டு ஒரே இடத்தில் நிற்பதல்ல. முனை நீளும், குறுகும், சில சமயம் உடையும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முன் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு இன்று கழி கடக்கும் இடத்தைக் குறிக்கக் கூடாது. குலசேகரன்பட்டினம் பக்கம் ராக்கெட் ஏவுதளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது, பழைய ஒற்றையடிப் பாதைகளையும் நம்ப முடியாது.

அந்த ஆறு பேரும் குன்றடியிலிருந்து ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தார்கள். கழியின் வாயில் குச்சி நட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தோம். விளிம்பு குச்சியிலிருந்து ஒரு சாண் விலகியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.