பியூரெட்டைப் பார்த்து ஜேர்மன் எண்ணலாம்: விஞ்ஞானப் பட்டத்தோடு ஒரு மொழி

முதலாம் வருடத்தில் நான் செய்த மொக்கு வேலையில் இருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பிரக்டிகல் முடிந்த கையோடு சைக்கிளை மிதித்து ரவுணுக்குப் போவேன், ஜேர்மன் ரியூசனுக்கு. கிழமையில் மூன்று நாள். நாலாம் கிழமை வகுப்பிலேயே நித்திரை. செமிஸ்டர் முடிவில் ஒரு பாடம் ரிப்பீட், ஜேர்மனில் மிஞ்சியது "குட்டன் டாக்" மட்டும். அந்த வகுப்பில் இருந்த பெரும்பாலானவர்கள் கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போகக் காத்திருந்தவர்கள். விசாவுக்கு ஏ1 (மொழியின் முதல் படி) சான்றிதழ் வேண்டும், அவர்களுக்கு அது முழுநேர வேலை. எனக்கு அப்படியில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் முறை செய்ததைக் கீழே எழுதுகிறேன். ஒரு சொல்லும் தெரியாமல் தொடங்கலாம்.

முதலில் கணக்கு

ஏ1 முடிக்க 80 முதல் 200 வரை பாடவேளை தேவை என்கிறது ஜேர்மன் மொழி கற்பித்துச் சோதனை வைக்கும் கோதே நிறுவனம். ஒரு பாடவேளை 45 நிமிடம். ஒரு நாளைக்கு 25 நிமிடம், கிழமைக்கு ஆறு நாள் என்றால் 150 நிமிடம். 15 கிழமைச் செமிஸ்டரில் ஏறக்குறைய 50 பாடவேளைதான் வரும். ஆகவே ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று மனதை ஆயத்தப்படுத்துங்கள். மூன்று மாதத்தில் முடிக்கலாம் என்கிற நோட்டீஸ் உங்களுக்கானதல்ல.

ஒலிக்கு ஒரு கிழமை

ஒலி விதிகள் உங்கள் லெக்சர் கொப்பியிலேயே கிடக்கின்றன. ஐன்ஸ்டைன் பெயரில் இரண்டு தரம் வரும் ஈ, ஐ (ei) எழுத்துச் சோடியின் ஒலி "ஐ". கரும்பொருள் கதிர்வீச்சில் படிக்கிற வீன் விதியில் அதே சோடி தலைகீழாக வரும், ஒலி "ஈ". டபிள்யூ எழுத்துக்கு "வ" என்பதும் அதே பெயரில் உண்டு. ஈ, யூ (eu) சேர்ந்தால் "ஒய்" என்பதற்குக் கணித மேதை ஒய்லர் இருக்கிறார். ஷ்ரோடிங்கர் பெயரில் புள்ளி வைத்த ஓ மட்டும் பழக வேண்டும்: நாக்கு "ஏ" சொல்லட்டும், உதடு "ஓ" சொல்லட்டும்.

சொற்கள்: கொப்பியின் பின்பக்கம்

பாடத்தில் ஏற்கெனவே ஜேர்மன் ஒளிந்திருக்கிறது. ஐகன் பெறுமானத்தில் வரும் "ஐகன்" என்றால் சொந்தமான. முழுவெண் தொடைக்கு இசட் போடுவது "ட்ஸாலன்", அதாவது எண்கள் என்ற சொல்லால். சேதன இரசாயனத்தில் இசட் சமபகுதியம் "ட்ஸுஸாமன்" (சேர்ந்து), ஈ சமபகுதியம் "என்ட்கேகன்" (எதிராக). இதை முதலே தெரிந்திருந்தால் எது எந்தப் பக்கம் என்று சோதனை மண்டபத்தில் நான் முழித்திருக்க மாட்டேன்.

மூலகங்கள் இன்னும் ருசி. ஐதரசன் "வாஸர்ஷ்டோஃப்", தண்ணீர்ப் பொருள். ஒட்சிசன் "ஸவர்ஷ்டோஃப்", புளிப்புப் பொருள். எல்லா அமிலத்திலும் ஒட்சிசன் உண்டு என்று லவாய்சியர் பிழையாக நினைத்ததன் மிச்சம். நைதரசன் "ஷ்டிக்ஷ்டோஃப்", மூச்சடைக்கிற பொருள். கூட்டுச்சொல்லின் பால் கடைசிச் சொல்லைப் பொறுத்தது. "ஷ்டோஃப்" ஆண்பால், ஆகவே இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆண்பால் காட்டும் "டேர்". எந்தப் பெயர்ச்சொல்லையும் கொப்பியின் பின்பக்கத்தில் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (அஃறிணைப்பால்) சேர்த்தே எழுதுங்கள். பிறகு சேர்ப்போம் என்று விட்டால் இரட்டை வேலை.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். சொல் அட்டைகளுக்கான அன்கி ஆப்பில் போட்டு பஸ்ஸில் பாருங்கள்.

வசனம்: எங்களுக்கு ஒரு சலுகை

"வைல் இஹ் ஃபிஸீக் ஷ்டுடியேர." சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: ஏனென்றால், நான், பௌதிகவியல், படிக்கிறேன். வினை கடைசியில்! ஆங்கிலத்தில் இருந்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடக்குப்படுவார்கள். "வைல்" (ஏனென்றால்), "டாஸ்" (என்று) போன்ற இணைப்புச் சொற்கள் வந்தால் தமிழில் யோசியுங்கள், வினை தானாக வாலில் போய் நிற்கும். சாதாரண வசனத்தில் மட்டும் வினை இரண்டாம் இடம்: "இஹ் ஷ்டுடியேர ஃபிஸீக்."

இலக்கணத்துக்குத் தனிப் புத்தகம் நான் வாங்கவில்லை. ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லவின் இலவச இணையப் பாடம் பி1 (மூன்றாம் படி) வரை போகும், தொடக்கத்துக்கு அது தாராளம்.

எண்: லாபிலேயே

ஜேர்மனில் ஒன்றின் இடத்தை முதல் சொல்வார்கள், 24 என்றால் "நாலும் இருபதும்". தசமப் புள்ளிக்குப் பதில் கொமா. நியமிப்புச் செய்யும்போது பியூரெட்டின் ஒவ்வொரு வாசிப்பையும் வாய்க்குள் ஜேர்மனில் சொல்லுங்கள்: 24,35, "ஃபியர் உண்ட் ட்ஸ்வன்ட்ஸிஹ் கொமா ட்றை ஃப்யுன்ஃப்". ரிப்போட்டில் மட்டும் புள்ளியே போடுங்கள். நான் ஒருமுறை கொமா போட்டு வாங்கிக் கட்டினேன்.

கதைக்க ஆள்

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பஞ்சமில்லை. ஜேர்மனியில் சித்தப்பாவோ மச்சாளோ இல்லாத வீடு குறைவு. ஆனால் பெரியவர்களைப் பிடிக்காதீர்கள், இரண்டாவது நிமிடத்தில் ஊர்க்கதைக்குப் போய்விடுவார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைப் பிடியுங்கள். என் மச்சாளின் மகளுக்குப் பத்து வயது, பிழை விட்டால் இரக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம், பதிலுக்கு நான் அவளுக்குத் தமிழ் எழுத்து. நேர வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை.

சோதனைக் காலம்

ஸ்ரடி லீவு தொடங்கினால் புதுச் சொல் நிறுத்தம். பழைய அட்டைகளை மட்டும் ஐந்து நிமிடம் தட்டுங்கள். ஏ1 சோதனைக்கு நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. காசு கட்ட முதல் அந்தத் திகதியையும் செமிஸ்டர் சோதனை அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போய்வரும் இரண்டு நாளையும் சேர்த்து.