கைக்கு வந்த வீடியோவைச் செய்தியாக்கும் முன்

வெள்ளம், விபத்து, கலவரம் என்று ஏதாவது நடந்த சிறிது நேரத்திலேயே, வலைப்பதிவோ யூடியூப் சேனலோ நடத்துபவரின் போனில் வீடியோக்கள் வந்து குவியத் தொடங்கிவிடும். அவற்றில் கணினியில் புனைந்தவையும் இருக்கலாம். ஆனால் அடிக்கடி சிக்குவது வேறு வகை: வேறெங்கோ, வேறெப்போதோ உண்மையாகவே எடுத்த காட்சிக்கு இன்றைய தலைப்பை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். அதனால் படத்தை உற்று உற்றுப் பார்த்து ‘இது உண்மையா பொய்யா’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பலன் குறைவு. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் தேடுவதற்குத் தனித்தனி வழி உண்டு.

தேடத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. பதிவின் இணைப்பு, பதிவிட்டவரின் கணக்குப் பெயர், நீங்கள் பார்த்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள் அதில் பெரும்பாலும் சரியாகப் பதிவாகாது. அவற்றை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துவிடுவது நல்லது. வீடியோ கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி தனியாக வைத்துவிட்டு, வெட்டுவது, பெரிதாக்குவது எல்லாவற்றையும் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணையும் (கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) எழுதி வைத்துக்கொண்டால், கோப்பை நீங்கள் திருத்தினீர்களா என்று பின்னாளில் யாராவது கேட்கும்போது பதில் கையில் இருக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் இதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது.

யார் எடுத்தது?

மூன்றில் இதுதான் முக்கியம். எடுத்தவர் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி முடிந்த மாதிரி.

உங்களுக்கு ஃபார்வர்டு செய்தவர் எடுத்தவர் அல்ல. ‘உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?’ என்று கேட்டுச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பொதுவெளியில் கிடைத்த வீடியோ என்றால், தலைப்பில் உள்ள சொற்களைக் கொண்டு தேடி, கிடைப்பவற்றில் மிகப் பழைய பதிவு எது என்று பாருங்கள். நேரத்தை ஒப்பிடும்போது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ் தளம் உங்கள் ஊர் நேரத்தைக் காட்டும். யூடியூப் வீடியோ பதிவேறிய நேரத்தை எடுத்துத் தரும் கருவிகள், மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி உருவாக்கிய டேட்டாவியூவர் உட்பட, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைக் காட்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், சம்பவம் நடப்பதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டது போலத் தோன்றி, நல்ல வீடியோவைப் பழையது என்று தள்ளிவிடுவீர்கள்.

அடுத்தது படத்தை வைத்துத் தேடுவது. வீடியோவை அப்படியே தேட முடியாது. அதிலிருந்து சில சட்டகங்களை (ஃபிரேம்களை) அசையாப் படங்களாகப் பிரித்தெடுக்க வேண்டும். இன்விட் என்ற இலவச பிரவுசர் நீட்சி இதைத் தானாகச் செய்யும். கையால் எடுப்பதாக இருந்தால் பெயர்ப்பலகை, கோபுரம், பாலம் போன்றவை தெளிவாகத் தெரியும் சட்டகங்களையும் வீடியோவின் முதல் சட்டகத்தையும் எடுங்கள். வேறு தளங்களில் முன்படமாக (தம்ப்நெயிலாக) நிற்பது பல நேரங்களில் அந்த முதல் சட்டகம்தான்.

ஒரே தேடுபொறியோடு நிறுத்தக்கூடாது. டின்ஐ அதே படத்தின் பிரதிகளை மட்டும் தேடும். முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தும் வசதி அதில் உண்டு, அதுதான் அதன் பெரிய பயன். கூகுள் லென்ஸ் ‘இதைப் போன்றவை’ என்று நிறையக் கொட்டும், ஆனால் இடங்களை அடையாளம் காட்டுவதில் கெட்டி. யாண்டெக்ஸ் கட்டடங்களிலும் முகங்களிலும் மற்றவை விட்டதைப் பிடிக்கும். எதிலும் கிடைக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடிப் பாருங்கள். சிக்காமல் இருப்பதற்காகவே திருப்பிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். எழுத்துகள் எதுவும் இல்லாத காட்சி என்றால் திருப்பியது பார்வையில் பிடிபடாது. மேலே ஒட்டிய எழுத்து, ஓரத்துப் பட்டை, சேனல் லோகோ இவற்றை வெட்டிவிட்டுத் தேடுவதும் உதவும்.

தேடலில் பழைய பிரதி கிடைத்தால் விஷயம் முடிந்தது. கிடைக்காவிட்டால் அது புதியது என்று ஆகிவிடாது; தேடுபொறியின் கண்ணில் இதுவரை படவில்லை என்பது மட்டும்தான் உறுதி.

வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2011-ல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்தது என்று பரவியது. 2005-ல் ஒரு இதழில் வந்த, சிறுபடகைப் பின்தொடரும் சுறாவின் படத்திலிருந்து சுறாவை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது அதே படம் ஹூஸ்டன் என்று மீண்டும் வந்தது. இதெல்லாம் தெரிந்தவர்கள், 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் வீட்டுப் பின்புற வெள்ளத்தில் சுறா போன்ற மீன் துடிக்கும் வீடியோ வந்ததும் சிரித்தார்கள். அது உண்மையான வீடியோ. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், எடுத்தவரைத் தேடிப் பிடித்து, மூலக் கோப்பின் மெட்டாடேட்டாவை (எடுத்த நேரம் போன்று கோப்புக்குள்ளேயே பதிவாகும் தகவலை) பார்த்து உறுதி செய்தது. நம்பத் தயங்குவது சரிபார்ப்பதற்கு ஈடாகாது. அதுவும் ஒரு ஊகம்தான்.

எடுத்தவர் கிடைத்ததும் என்ன கேட்பது? ‘இது இன்று காலை நடந்ததா?’ என்று பதிலை நீங்களே வாயில் போடாதீர்கள். எங்கே நின்று எடுத்தீர்கள், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தீர்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதே நேரத்தில் எடுத்த வேறு படங்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். உண்மையாகவே அங்கே இருந்தவரிடம் மங்கலாகவோ, கோணலாகவோ, விரல் மறைத்தோ இன்னும் இரண்டு மூன்று படங்கள் இருப்பது வழக்கம். அந்த ஒரே கிளிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்பவரைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

மூலக் கோப்பை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கும். எடுத்த தேதி, நேரம், கேமரா, இடம் ஆகியவை அடங்கிய எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் கோப்பு அப்படியே வரும். வந்த எக்ஸிஃபையும் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கலாம், இலவச மென்பொருள் இருந்தால் யாரும் அதை மாற்றி எழுதலாம்.

ஆபத்தான இடத்தில் இன்னும் இருப்பவரிடம் ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடுங்கள்’ என்று சொல்லவே கூடாது. பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பொதுவெளியில் கிடைத்த படம் என்பதால் உரிமை நமக்கு வந்துவிடாது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது ட்விட்டரில் வெளியான புகைப்படக் கலைஞர் டேனியல் மொரெலின் படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அனுமதியின்றி எடுத்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்கும் கொடுத்தது. 2013-ல் நியூயார்க் நடுவர் மன்றம் இரு நிறுவனங்களும் அவருக்கு 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தொகை தனியாக வலைப்பதிவு நடத்துபவரின் தலையில் விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கே, எப்போது

இடத்தைக் கண்டுபிடிக்கச் சட்டகத்தில் மாறாதவற்றைத் தேடுங்கள்: கட்டடத்தின் மாடி எண்ணிக்கை, கூரையின் வடிவம், மின்கம்பத்தின் வகை, சாலைக் கோடுகளின் நிறம், பலகைகளின் மொழி, தொலைவில் தெரியும் மலையின் விளிம்பு. அவற்றை ஒரு தாளில் வரைந்துகொண்டு செயற்கைக்கோள் படத்தோடும் ஸ்ட்ரீட் வியூவோடும் பொருத்துங்கள். ஒன்று பொருந்துவது போதாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு அம்சங்களாவது, அதே ஒழுங்கில் பொருந்த வேண்டும். கட்டடம் புதிதாக எழுந்ததோ இடிந்ததோ என்றால் கூகுள் எர்த் ப்ரோவில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். ஆனால் ஒரு பிக்சல் 10 மீட்டர். எரிந்த நிலப்பரப்பும் பரந்த வெள்ளமும் அதில் தெரியும், ஒரு வீட்டின் கூரை சரிந்தது தெரியாது. மேகம் மூடியிருந்தால் எதுவுமே தெரியாது.

நேரத்துக்கு நிழலைப் பாருங்கள். இடம் உறுதியானதும் சன்கால்க் தளத்தில் அந்த இடத்தையும் சொல்லப்பட்ட தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியன் இருந்த திசையும் உயரமும் வரும். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமம். அதற்கும் கீழே இறங்க இறங்க நிழல் நீளும். வீடியோவில் கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க, சொன்ன நேரமோ நண்பகல், இடமோ வெப்பமண்டலம் என்றால் ஏதோ தவறு. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்ற எண்ணம் வெப்பமண்டலத்தில் செல்லாது. மாதத்தைப் பொறுத்துத் தெற்கேயும் விழும். இன்னொன்று, மே 10 அன்றும் ஆகஸ்ட் 3 அன்றும் சூரியன் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகும். ஆகவே நிழலை வைத்து ஒரு தேதியைத் தவறு என்று காட்டலாம், சரி என்று நிரூபிக்க முடியாது. ஆண்டைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. ஆண்டுக்கு விளம்பரப் பலகை, தேர்தல் சுவரொட்டி, அப்போது வெளிவந்த வண்டி மாடல் போன்றவைதான் கைகொடுக்கும். அன்றைய வானிலைப் பதிவையும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள்

விரல்களை எண்ணுவது, பலகையில் எழுத்துக் குளறுபடி தேடுவது எல்லாம் பழைய மாடல்களுக்குச் சரி. இப்போது அவை இல்லாததால் படம் உண்மை என்று சொல்ல முடியாது. கண்டறியும் கருவிகள் தரும் சதவீதத்தையும் தீர்ப்பாக எடுக்காதீர்கள். பல கை மாறிச் சுருங்கிய படத்தில் அவை உண்மையைப் பொய் என்றும் பொய்யை உண்மை என்றும் சொல்லிவிடும். 2021-ல் தொடங்கிய சி2பிஏ தரம் படம் பிறந்த கதையைக் கோப்பிலேயே பதிக்கிறது, இருந்தால் நல்ல சான்று; பகிரும் வழியில் அது உதிர்ந்துபோவது சகஜம் என்பதால் இல்லாதது எதையும் காட்டாது. வேலை செய்யும் வழி பழைய வழியேதான்: கூட்டம் கூடிய இடத்தில் நடந்த பெரிய சம்பவத்தைப் பலர் பல கோணத்தில் எடுத்திருப்பார்கள். ஒரே கோணம், ஒரே கணக்கு, வேறு யாருமே பார்க்கவில்லை என்றால் காத்திருங்கள்.

எழுதும்போது

மூன்று தளங்களில் வந்துவிட்டது என்பதால் மூன்று ஆதாரம் ஆகிவிடாது. மூன்றும் ஒரே பதிவைக் காட்டினால் அது ஒரே ஆதாரம். வீடியோவுக்குக் கீழே, எதை உறுதி செய்தீர்கள், எதைச் செய்ய முடியவில்லை என்று பிரித்து எழுதுங்கள்: ‘இடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம், எடுத்த நேரத்தை உறுதி செய்ய முடியவில்லை.’ வெறுமனே ‘சமூக ஊடகத்தில் பரவும் வீடியோ’ என்று போட்டுத் தப்பிப்பது வாசகருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை.

படத்தில் இருக்கும் முகத்துக்குப் பெயர் சூட்டும் வேலையை இன்னும் கடுமையான அளவுகோலில் வையுங்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், ரெடிட்டில் படங்களை ஒப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் காணாமல்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று சந்தேகித்துப் பெயரைப் பரப்பினார்கள். அவருக்கும் சம்பவத்துக்கும் தொடர்பே இல்லை. ரெடிட் நிர்வாகம் பின்னர் அவருடைய குடும்பத்திடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. முக ஒற்றுமை மட்டும் கையில் இருந்தால் பெயர் வேண்டாம்.

தவறு வெளியாகிவிட்டால் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் திருத்தம் எதுவும் இல்லாமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தவறான வீடியோவை எடுத்துவிட்டு, அதே பக்கத்தின் தலையில் எது தவறாக இருந்தது, எது சரி, எத்தனை மணிக்குத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். முதலில் எந்தெந்தக் குழுக்களிலும் கணக்குகளிலும் பகிர்ந்தீர்களோ அங்கெல்லாம் திருத்தத்தையும் பகிருங்கள்.