எண்ணூர் கழிமுகத்துக் கொடுவாவுக்கு எந்தத் தூண்டில் கம்பு?

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில் கொடுவா மீன் பிடிக்க 7 அடி ஸ்பின்னிங் ராடு (நரம்பு சுற்றும் ரீல் கம்புக்குக் கீழே தொங்கும் வகை) போதும். கடற்கரையில் வீசும் 12 அடிக் கம்பை இங்கே கொண்டுவராதீர்கள். பாலத்தடியிலும் அலையாத்திச் செடி ஓரத்திலும் அதைச் சுழற்ற இடமிருக்காது.

கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பு), வீசும் எடை 10–30 கிராம், நரம்பு (தூண்டில் இழை) 10–20 பவுண்டு என்று இருக்கட்டும். கொடுவா கடித்ததும் நேராகத் தூணுக்குத்தான் ஓடும். மெலிந்த கம்பால் அதைத் திருப்ப முடியாது, தூணில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி நரம்பை அறுத்துவிடும். ரொம்ப விறைப்பான கம்பும் ஆகாது. மீன் துள்ளித் தலையை உதறும்போது தூண்டில் முள் கழன்றுவிடும்.

கடையிலேயே ரீலை மாட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, கூட வந்தவரை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வளைய வேண்டும், அடிப்பகுதி நிமிர்ந்தே நிற்க வேண்டும். பிறகு கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். இழை மாட்டினால் அங்கே விரிசல். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தக் கம்பு வேண்டாம்.

நரம்பு முனையில் 30–40 பவுண்டு லீடர் (தடித்த முனை நரம்பு) 2 அடியாவது கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி.

ஒன்று முக்கியம்: கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். எண்ணூரில் உயர் அழுத்தக் கம்பி போகும் இடத்துக்குக் கீழே நின்று வீசவே வீசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வளையங்களையும் ரீல் பிடியையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள்.