சிறுத்தை எதைத் தின்கிறது: எச்சத்தைப் பிரித்துக் கணக்கிடும் முறை

திண்டுக்கல் மாவட்டச் சிறுமலை அடிவாரத்திலோ மதுரை மாவட்டச் சாப்டூர் பக்கமோ கிடையில் ஒரு ஆடு குறைந்தால், சிறுத்தை ஆட்டைத் தின்றே பிழைக்கிறது என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிடும். அது உண்மையா என்று அறிய, செலவு குறைந்த, நம்பத்தக்க வழி எச்ச ஆய்வு, அதாவது சிறுத்தை இட்ட மலத்தைப் பிரித்துப் பார்ப்பது. மயிர் செரிக்காது, தின்ற விலங்கின் அடையாளம் எச்சத்தில் அப்படியே வந்து சேரும்.

முதல் வேலை அனுமதி. சாப்டூர்க் காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. சிறுத்தை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காட்டுக்குள் எச்சம் பொறுக்கக் கூடாது.

வண்டிப்பாதை, மலைமுகடு, வறண்ட ஓடை ஆகியவற்றில் தேடுங்கள். தொடங்கும்போது பாதையில் கிடக்கும் பழைய எச்சத்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே பாதையில் நடந்தால்தான் காலக்கணக்கு சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எச்சம் கரையும், சாணி வண்டுகளும் உருட்டிப் போகும். அந்த மாதங்களின் எண்ணிக்கையைக் கோடையோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். செந்நாய்கள் பாதைச் சந்திப்பில் கூட்டமாக இடும். ஊர்நாயின் எச்சத்தில் மயிர் குறைவு, சோற்றுக்கழிவு அதிகம். தடிமனை மட்டும் வைத்துப் புலியா சிறுத்தையா என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் புது எச்சத்தின் வெளிப்பூச்சை மெல்லச் சீவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் வைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பூனையினத்தின் எச்சத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமியும் புழு முட்டைகளும் இருக்கலாம். எல்லை குறிக்கவும் சிறுத்தை எச்சமிடுவதால் பாதியை அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்ததைக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்கும். உறைமேல் தேதி, ஜிபிஎஸ் புள்ளி, பாதையின் பெயர். ஒரே இடத்தில் ஒரே நாளில் கிடைத்தவற்றை ஒரே குழுவாகக் குறியுங்கள். அவை ஒரே இரையிலிருந்து வந்திருக்கலாம்.

உலர்ந்த எச்சத்தைச் சோப்புத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, 1 மி.மீ. சல்லடையில் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். குளம்பு, நகம், எலும்பு, முள்ளம்பன்றி முள் துண்டு ஆகியவற்றைத் தனியே எடுங்கள். மயிரைக் கட்டம் போட்ட தட்டில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு குறைந்தது 20 மயிர் எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை தானாகவே நீளமான, கறுத்த மயிரைத்தான் தேடிப் போகும்; பன்றியும் மிளாவும் கணக்கில் ஏறிவிடும்.

எந்த விலங்கின் மயிர் என்பதை நுண்ணோக்கியில் அறியலாம். மயிரின் மேற்பரப்புச் செதில் அச்சுக்குக் கண்ணாடிப் பட்டையில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லப் பூசி, மயிரைப் பதித்து, காய்ந்ததும் உரித்தால் போதும். மயிரின் உள்மையத்தைப் பார்க்க மயிரைத் துண்டாக்கி ஸைலீன் என்ற கரைப்பான் திரவத்தில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கி, மையம் வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் தெரியும். மிளா, புள்ளிமான் மயிரில் மையம் தேன்கூட்டைப் போல ஏறக்குறைய முழு அகலத்தையும் நிரப்பும். முயலில் ஏணிப்படிகள் பல வரிசையாக இருக்கும். பன்றி மயிரின் நுனி பிளந்திருக்கும். இடையே சிறுத்தையின் சொந்த மயிரும் வரும். அது உடலை நக்கும்போது விழுங்கியது, கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே பலர் இடறுவது ஆட்டில். வெளிநாட்டுக் கையேடுகள் செம்மறியைக் கம்பளி மயிரை வைத்து அடையாளம் சொல்கின்றன. நம் வெம்பூர், இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் செம்மறிகளுக்குக் கம்பளியே கிடையாது. ஆகவே இந்த இனங்களோடு கன்னி ஆடு, கொடி ஆடு, ஊர்நாய், நாட்டுமாடு ஆகியவற்றின் முதுகு, கழுத்து, வயிற்று மயிரை எடுத்து உங்கள் ஒப்பீட்டுப் பட்டைகளை நீங்களே செய்துகொள்ளுங்கள். அப்போதும் பிரிக்க முடியாவிட்டால் 'வளர்ப்பு ஆடு' என்று ஒன்றாக எழுதுவதே நேர்மை.

அடுத்தது கணக்கு, பெரும்பாலான தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. பத்து எச்சத்தில் ஆட்டு மயிர் என்றால் பத்து ஆடு செத்தது என்று பொருளல்ல. 1984-இல் ஆக்கர்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பூமாக்களுக்கு (அமெரிக்கக் காட்டுப்பூனையினம்) இரை கொடுத்துக் கண்ட சூத்திரம்: ஓர் எச்சத்துக்குத் தின்ற எடை (கிலோ) = 1.98 + 0.035 × இரையின் எடை. ஆடு 20 கிலோ என்றால் எச்சத்துக்கு 2.68 கிலோ; பத்து எச்சத்துக்கு 26.8 கிலோ, அதாவது ஒன்றேகால் ஆட்டுக்குச் சற்று மேல். மூன்று கிலோ முயல் என்றால் அதே பத்து எச்சம் ஏழு முயல். 125 கிலோ மிளா என்றால் அரை மிளா. இரை பெரிதாகப் பெரிதாக இந்தச் சூத்திரம் மிகைப்படுத்தும். இரையின் எடை கூடக்கூட, எச்சத்துக்கான எடை ஒரு வரம்பில் நின்றுவிடுகிறது என்று 2016-இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது. இரண்டு முறையிலும் கணக்கிட்டு, இரண்டையும் வெளியிடுங்கள்.

எத்தனை எச்சம் போதும்? ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கப் புது இரையினம் வருகிறதா என்று வரைபடம் போடுங்கள். கோடு சமமாகும்வரை நிறுத்தாதீர்கள்.

எச்சத்தில் மாட்டு மயிர் கிடைத்தால் 'தின்றது' என்று மட்டும் எழுதுங்கள். ஊர் எல்லையில் வீசிய செத்த மாட்டையும் சிறுத்தை தின்னும். 'கொன்றது' என்று எழுத உடல் கிடைக்க வேண்டும். கால்நடை மருத்துவர் தொண்டைத் தோலை உரித்து, கோரைப்பல் துளைகளைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது கடிபட்டிருந்தால்தான் அப்படிக் கட்டும்.